செயற்கை நுண்ணறிவுப் பாடமும் பதில் போடாத ஒருவரும்

புதன்கிழமை

மதிப்புக்குரிய சிக்ஸ்டன் மாமாவுக்கு,

தங்கை மகன் ஈவார் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் கணினியும் சௌக்கியம். மற்றபடி எதுவும் சௌக்கியமாக இல்லை. உங்கள் மரஅறுப்பு ஆலையும் முழங்கால் வலியும் எப்படி?

பாடம் எப்போது தொடங்குகிறாய் என்று போன வாரமும் கேட்டீர்கள். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்களாம். இந்த வெள்ளிக்குள் அனுமதி வராவிட்டால் செயற்கை நுண்ணறிவுப் பாடம் இந்த ஆண்டுப் பட்டியலில் ஏறாது. இரண்டு வருட உழைப்பு மாமா. பதினான்கு வாரத்துக்கும் கணக்கு, நிரல், தரவு எல்லாம் தயார். ஆனால் நம் ஸ்வீடனில் முடிவெடுக்கும் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் இருக்கும் இருபத்துமூன்று பேரும் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுத வேண்டும். ஒருவர் திருத்தம் சொன்னால் மறுபடி முதல் சுற்று. பேராசிரியர் யால்மார், இதற்கு மட்டும் நுண்ணறிவு என்று பெயர் வைத்தால் மற்றப் பாடங்கள் வருத்தப்படாதா என்று கேட்டே ஒரு மாதத்தைத் தின்றார். கடைசிச் சுற்றில் இருபத்திரண்டு பேர் எழுதிவிட்டார்கள். ஒரே ஒரு ஆள் பதினோரு வாரமாகப் பதில் போடவில்லை. காபி இடைவேளையில் செயலர் குன்ஹில்டைப் பிடித்தேன்.

“யாருங்க அந்த ஆளு?”

“பேரைச் சொன்னா நெருக்குற மாதிரி ஆயிடும் தம்பி. பன்னு எடுத்துக்கங்க.”

“நெருக்கத்தான் கேக்குறேன்.”

“நல்ல மனுஷர்தான். கொஞ்சம் அவசரக்காரர். வர்ற கடிதத்தைப் படிக்கப் பொறுமை கிடையாது.”

பதினோரு வாரம் தூங்குகிறவன் அவசரக்காரனாம். மூன்று முறை நினைவூட்டல் போயிருக்கிறது. எனக்கும் வந்தது, என் பாடத்தை எனக்கே எதுக்கு நினைவூட்டுறாங்கன்னு திறக்காமலே அழிச்சேன். அந்தாளு மட்டும் கையில கிடைச்சான்னா இருக்கு. ‘இன்னும் பதில் எழுதாத சோம்பேறியே, வெள்ளிக்கிழமைக்குள் எழுது’ என்று காபி அறைக் கதவில் ஒட்டிவிட்டேன். எல்லோரும் நின்று படிக்கிறார்கள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆலைக்கு நல்ல மரமாக வரட்டும்.

அன்புடன்,
ஈவார்

பி.கு.: குன்ஹில்ட் இப்போதுதான் பெயர்ப் பட்டியலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஆள் நான்தான். பாடத்தை எழுதியவனும் துறையில் ஒருவனாம். அவனும் ஆட்சேபணை இல்லை என்று எழுத வேண்டுமாம். சரி என்று உட்கார்ந்தேன். படிக்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? படித்தேன். ஆறாம் வாரத்துக்குத் தேவையான கணக்கு ஒன்பதாம் வாரத்தில்தான் வருகிறது. இருபத்திரண்டு பேரில் ஒருத்தருக்கும் கண் தெரியவில்லை. ஆட்சேபணை எழுதி அனுப்பிவிட்டேன். ஊரில் அடுத்த வருஷம் என்று சொல்லிவிடுங்கள்.