அப்பா காட்டிய தண்ணீர்த் தொட்டி

உரத்த குரலுள்ள அப்பாவை வைத்துக்கொண்டு ஒளிந்து விளையாடுகிற போட்டி எதிலும் சேரக் கூடாது. அந்த அப்பா நல்ல மனிதராகவும் இருந்துவிட்டால் நாம் ஊரைவிட்டே போய்விடுவது உத்தமம். என் அப்பாவிடம் இரண்டும் உண்டு.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தேன். அங்கே கணினி விளையாட்டு அணிக்கு நான்தான் கேப்டன். (பெரிதாக நினைக்க வேண்டாம். மொத்தம் ஐந்து பேர், அதில் அதிகம் சண்டை போடுகிறவள் நான்.) பயிற்சிக்கு இடமில்லை. லேப் பூட்டும் வரை அங்கே, பிறகு கேன்டீனில். முதல்வரிடம் தனி அறை கேட்டோம்.

"கோப்பையோட வாங்க, சாவி தர்றேன். இல்லாட்டி டீமைக் கலைச்சுட்டுப் படிக்கற வேலையப் பாருங்க" என்றார்.

அந்த ஆண்டு கல்லூரிகளுக்கிடையிலான போட்டியை எங்கள் அரங்கத்தில், சேலத்துக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து நடத்தினோம். கணினிகள் அவர்களுடையவை, ஜெனரேட்டரும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. காலையில் ஒன்றாக வயர் இழுத்துவிட்டு, மாலையில் இறுதிப்போட்டியில் திரைக்குள் ஒருவரையொருவர் சுட வேண்டியதாயிற்று. அவர்கள் கேப்டன் நவீன். (சுடப்போகும் எதிரியைக்கூட "அவங்க வாராங்க" என்று மரியாதையாகச் சொல்கிற பையன்.)

அப்பாவை அழைத்தது நான்தான். மகள் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது எதற்கு என்று ஒருமுறையாவது பார்க்கட்டும் என்று ஆசை. அவர் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் பேசியே பழகிய தொண்டை. முதல் வரிசையில், பெரிய திரைக்கு நேராக உட்கார்ந்தார். அந்தத் திரையில் எல்லாருடைய ஆட்டமும் தெரியும். யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பது ஆடுகிற எங்களைத் தவிர அரங்கத்துக்கே தெரியும்.

கடைசிச் சுற்று தொடங்கியது.

"அம்மணி, செவுத்துக்குப் பின்னால ஒருத்தன் நிக்கறான் பாரு."

ஹெட்போனைத் துளைத்துக்கொண்டு வந்தது குரல். என் கை தானாகத் திரும்பிச் சுட்டுவிட்டது. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அப்பாவிடம் போனார்.

"ஐயா, திரையைப் பாத்து ஆடறவங்களுக்குச் சொல்லக் கூடாதுங்க."

"தெரியாமச் சொல்லிப் போட்டனுங்க. இனி எம்புள்ளைக்கு ஒண்ணுஞ் சொல்ல மாட்டனுங்க."

சுற்று மறுபடி முதலிலிருந்து நடந்தது. கடைசியில் மிஞ்சியது நானும் நவீனும் மட்டும். நான் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினேன். நேரம் முடியும்வரை சாகாமல் இருந்தால் போதும், கோப்பை எங்களுக்கு. நவீன் என்னைத் தேடி எதிர்ப்பக்கமாக அலைந்துகொண்டிருந்தான். (நான் புது அறைக்கு என்ன கலரில் திரைச்சீலை போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.)

"சாமி, அந்தப் பக்கம் இல்லீங்க. தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருக்குது பாருங்க."

அப்பாவேதான். நவீன் பழக்கதோஷத்தில் "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி என்னைச் சுட்டான்.

அரங்கமே சிரித்தது. இரண்டு அணிக்கும் வெளியிலிருந்து உதவி வந்துவிட்டதால் இரண்டையுமே நடுவர் நீக்கிவிட்டார். கோப்பை, அரையிறுதியில் எங்களிடம் தோற்ற ஆத்தூர் அணிக்குப் போனது. கேன்டீனில் முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள், வாயைத் துடைத்துக்கொண்டே மேடையேறினார்கள். நான் அழுதேன். நாகரிகமாக அல்ல, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"நம்மூருக்கு வந்த புள்ள, அம்மணி. அது பாட்டுக்கு வழி தெரியாமச் சுத்துது. பாத்துட்டுச் சும்மா உக்கோர முடியுமா? நீயும் பேசாம ஒக்காந்திருக்கறே."

கோப்பை போனால் அறையும் போச்சு, அணியும் போச்சு என்று விளக்கினேன். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

அந்த வாரமே எங்கள் ரிக் ஷெட்டின் மாடி அறையில் கிடந்த டிரில் பிட்டுகளை இறக்கிவிட்டு, மேசை நாற்காலி போட்டு, இன்வெர்ட்டரும் வைத்துக் கொடுத்தார். "சேலத்துப் புள்ளைகளையும் வரச் சொல்லு. அதுங்களுக்குந்தான் கோப்பை போச்சு" என்றார். சனிக்கிழமைதோறும் இரண்டு கல்லூரியும் அங்கேதான் பயிற்சி எடுத்தோம். அறை கேட்டு யாரும் போகாததால் முதல்வரும் அணியைக் கலைப்பதை மறந்துவிட்டார். அப்பா டீ கொண்டு வருவார், இரண்டு பக்கத் திரைகளையும் பார்ப்பார், பாரபட்சமில்லாமல் எல்லாரையும் காட்டிக் கொடுப்பார். எங்களுக்கு ஒளிவதில் இருந்த நம்பிக்கையே போய்விட்டது. அதனாலோ என்னவோ, அடுத்த ஆண்டு கோப்பையை நாங்களே வாங்கினோம். முதல்வர் சாவியை நீட்டினார். வேண்டாங்க சார் என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்கே திரும்பினோம்.

எங்கள் வீட்டில் ரகசியத்தைப் போட்டு உடைப்பதற்குப் பெயர் 'தொட்டியக் காட்டறது'. போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைக் கடித்துவிட்டு, "பொண்ணு செஞ்சதுங்களா?" என்று கேட்டார். அம்மா அவசரமாகத் தலையாட்டினார். நான் அப்பாவைப் பார்த்தேன். நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார்.

"கடையில வாங்குனதுங்க" என்றார் அப்பா. "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்குது. போறப்போ நானே காட்டறனுங்க."