புதுச்சேரிக்குப் புறப்பட்ட பிள்ளையார்

வழி சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. திருமுல்லைவாயிலில் எந்தச் சந்தில் நுழைந்தால் ரயில்வே கேட்டில் நிற்க வேண்டாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தகுதியை மட்டும் நம்பி, ஆவடியில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் சேகர், சென்னை–புதுச்சேரி பாய்மரப் படகுப் பந்தயத்துக்கு என்னைத் தன் படகில் வழிகாட்டியாக ஏற்றிக்கொண்டார். (நீச்சல் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

அதற்கு முன் இரண்டு வருடம் பாதியிலேயே திரும்பியவர் அவர். "ஜெயிக்கிறதெல்லாம் வாணாம் மாப்ள. இந்த வாட்டி போய்ச் சேர்ந்தா போதும்" என்றார்.

கோவளம் தாண்டியதும் வானம் கறுத்துக் காற்று அடித்தது. அலை ஏறி இறங்கியதில் காலையில் தின்ற இட்லி நான்கும் கடலுக்குப் போயின. ஜிபிஎஸ் நனைந்து உயிரை விட்டது. மழையில் கரையும் மறைந்தது. மிஞ்சியது திசைகாட்டி ஒன்றுதான். பயத்தில், என் கார் டேஷ்போர்டிலிருந்து கழற்றி வந்திருந்த பிள்ளையாரை எடுத்து, திசைகாட்டிக்குப் பக்கத்துக் கம்பியில் வைத்தேன். அடியில் காந்தம். டக்கென்று ஒட்டிக்கொண்டார்.

அதன்பிறகு முள் அசையவே இல்லை. படகு குதித்தாலும் திரும்பினாலும், போவது தெற்கே என்றே காட்டியது.

"சூப்பர் மச்சான்! கோடு போட்ட மாதிரி ஓட்டுறீங்க!" என்றேன், சுக்கானைப் பிடித்திருந்த சேகரிடம்.

மூன்று மணி நேரம் கழித்து மழை விட்டது. எதிரே கலங்கரை விளக்கம். "பாண்டி!" என்று கத்தினேன். (வலப்பக்கம் இருக்க வேண்டிய கரை இடப்பக்கம் இருந்ததைக் கவனித்தேன். காற்றின் வேலை என்று விட்டுவிட்டேன்.)

பக்கத்தில் வந்த மீன்பிடிப் படகுக்காரர் சிரித்தார். "இன்னா பாண்டி? மெட்ராஸ் பட்னப்பாக்கம் அண்ணாத்தே இது!"

சேகர் பிள்ளையாரைப் பிடுங்கினார். முள் அரை வட்டம் அடித்து வடக்கில் நின்றது. அவர் நனைந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பரவால்ல மாப்ள. ஊட்டுக்குப் பக்கத்துலயே கொண்டாந்து உட்டுட்டாரு."

அடுத்த வருடம் முழங்கால் வலியால் படகை விற்றுவிட்டார். இன்றும் நான் பக்கத்திலிருக்கும் வேப்பம்பட்டுக்கு வழி சொல்ல வாயைத் திறந்தால்கூட, "அப்பா, மொதல்ல புள்ளையார எடுங்க" என்கிறாள் என் மகள். எடுக்க என்னிடம் ஏது? அன்று பிடுங்கியதைச் சேகர் திருப்பித் தரவே இல்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக எல்லோரும் என் காரில் புதுச்சேரி போனோம். ஊர்ப் பெயர்ப்பலகை வந்ததும் சேகர் வண்டியை நிறுத்தச் சொன்னார். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பிள்ளையாரை எடுத்து நீட்டினார்.

"வந்து சேந்துட்டோம் மாப்ள. இப்ப ஒட்டிக்கோ."