இழுத்துப் பிடித்தால் நிற்கும் என்று நினைத்தேன்

அன்றைக்குப் பேரூராட்சி அலுவலக வாசலில் இருந்தவர்கள்: செயல் அலுவலர் சார், தலைவரம்மாவின் வீட்டுக்காரர் (தலைவரம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், அவர் வந்திருந்தாலும் இவர் வந்திருப்பார்), எங்கள் மேற்பார்வையாளர் ராசு அண்ணன், பேட்டரியில் ஓடும் குப்பை வண்டியோடு கோயம்புத்தூரிலிருந்து வந்த கம்பெனிக்காரர், என்னோடு குப்பை வாங்கும் பேச்சியக்கா, அப்புறம் நான். அவ்வளவுதான் ஆட்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் ஊரே நேரில் பார்த்த மாதிரிப் பேசியது.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பயப்படுவதில் மட்டும் பட்டம் வாங்கும் அளவுக்குப் படித்திருக்கிறேன். கேஸை அணைத்தோமா என்று தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போகும்போது கதவைப் பூட்டினோமா என்று சந்தேகம் வரும். இப்படிப்பட்ட என்னை வண்டி ஓட்டிக் காட்ட அனுப்பியது பேச்சியக்காவின் தோள்பட்டை.

எங்கள் தள்ளுவண்டிகளுக்குச் சக்கரம் என்று ஒன்று இருந்தது, ஆனால் லேசில் சுற்றாது. கடைவீதி மேட்டில் நெஞ்சைக் கொடுத்துத் தள்ள வேண்டும். இறக்கத்தில் வண்டி நம்மை இழுத்துக்கொண்டு போகும். கைப்பிடியை இறுக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை ஊன்றி இழுத்துப் பிடிக்க வேண்டும். இதையே பல வருடம் செய்து பேச்சியக்காவுக்கு வலது கை தலைக்கு மேலே போகவில்லை. மகள்தான் தலை சீவிவிடுவாள். மாதாமாதம் குறைதீர்க்கும் கூட்டத்தில் பேட்டரி வண்டி கேட்போம். "பரிசீலனையில இருக்கும்மா" என்பார்கள். எங்கள் தோள்பட்டை அவ்வளவு நாள் பரிசீலனையில் இருந்தது.

ஒரு கூட்டத்தில் சார் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

"பேட்டரி வண்டி வாங்குறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வாங்கி ஷெட்டுல நிறுத்திட்டா நாளைக்கு ஆடிட்டுல என்னையத்தான் கேப்பாங்க. கம்பெனிக்காரர வரச் சொல்றேன். உங்கள்ல ஒருத்தர் ஓட்டிக் காட்டுங்க. முடியலன்னா பழைய வண்டிக்கே வெல்டிங் வச்சுக்கிருவோம்."

"செல்விதேன் சரி சார். அவ எதையும் நாலு தடவ பாத்துட்டுத்தேன் செய்வா" என்றார் பேச்சியக்கா.

நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் அக்கா இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஓட்டுறேன் சார்" என்று வந்துவிட்டது.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மகள் போனில் வீடியோ போட்டுக் காட்டினாள். சாவி போடுவது, ஹாரன் அடிப்பது, லைட் போடுவது, இண்டிகேட்டர் எல்லாம் மனப்பாடம் ஆயிற்று. நிறுத்துவதைப் பற்றிய கடைசிப் பகுதி ஓடும்போது உலை பொங்கிவிட்டது.

அன்றைக்குக் கம்பெனிக்காரர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "ஏனுங்க அக்கா, வலது கைப்பிடிய உங்க பக்கமாத் திருகினா ஓடுமுங்க. கால்ல இருக்கறது பிரேக்குங்க. அவ்ளோதானுங்க."

தலையாட்டினேன். (நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். ஊசி போடும்போதும் ஆட்டுவேன்.)

முதல் சுற்று அருமையாகப் போனது. சத்தமே இல்லை. கொடிக்கம்பத்தைச் சுற்றி வந்தபோது ராசு அண்ணன் கைதட்டினார். சார் சிரித்தார். தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. அதுதான் தப்பு.

அலுவலக வாசல் காம்பவுண்டுச் சுவர் பக்கமாகக் கொஞ்சம் இறக்கம். அந்தச் சுவரோரம், வெல்டிங்காரருக்காக எங்கள் பழைய தள்ளுவண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். வண்டி இறக்கத்தில் இறங்கியது. என் உடம்புக்கு இறக்கம் தெரியும். கைப்பிடியை இறுக்கி, பின்னால் சாய்ந்து, நெஞ்சோடு சேர்த்து இழுத்தேன்.

வண்டி பாய்ந்தது.

நிற்கவில்லையே என்று இன்னும் பலமாக இழுத்தேன். இன்னும் வேகமாகப் போனது.

"பிரேக்குங்க! கால்ல மிதிங்க!" என்று கம்பெனிக்காரர் ஓடிவந்தார். மிதித்தேன். இரண்டு குதிகாலையும் வண்டித் தரையில் ஊன்றி மிதித்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தலைவரம்மாவின் வீட்டுக்காரர் நாற்காலியோடு எழுந்து ஓடினார்.

தள்ளுவண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. சுவர்தான் எல்லாவற்றையும் நிறுத்தியது. பேட்டரி வண்டியின் முன்கண்ணாடி பொலபொலவென்று என் மடியில் கொட்டியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

"ஏத்தா செல்வி, நிப்பாட்டணும்னு தோணவே இல்லையா?" என்றார் ராசு அண்ணன்.

"நிப்பாட்டத்தாண்ணே இழுத்தேன்."

"போச்சுடி" என்றார் பேச்சியக்கா மெதுவாக. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அழுதேன்.

சார் திட்டவில்லை. விழாமல் நின்ற ஒரு தள்ளுவண்டியைக் காட்டி, "இத எப்படிம்மா நிப்பாட்டுவீங்க?" என்று கேட்டார். செய்து காட்டினேன். பேச்சியக்காவைக் கேட்டார். அவரும் அப்படியே சாய்ந்து, குதிகாலை ஊன்றி, கைப்பிடியை இழுத்தார். வலியில் முகம் கோணியது. சார் பேட்டரி வண்டியின் சாவியை எடுத்துவிட்டு, அதன் கைப்பிடியை அதே மாதிரி இழுத்துப் பார்த்தார்.

அப்போது வெல்டிங்காரர் வந்து சேர்ந்தார். குவியலைச் சுற்றி வந்தார். துருப்பிடித்த அடித்தகட்டை விரலால் தொட்டார். விரல் உள்ளே போய்விட்டது. "சார், வெல்டிங் வைக்கிறதுக்கு மொதல்ல இரும்பு வேணும்ல?" என்றார்.

அடுத்த கூட்டத்தில் பேட்டரி வண்டிகள் வாங்கத் தீர்மானம் போட்டார்கள். பணியாளர்களுக்கு முதலில் பயிற்சி, அதன்பிறகே வண்டி கையில் தருவது என்று சார் ஒரு வரி சேர்த்தார். பயிற்சியில் எனக்கு மட்டும் ஒரு வாரம் முழுக்கப் பிரேக் மிதிக்கவே சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது கடைவீதியில் நான்தான் ஓட்டுகிறேன். பேச்சியக்காவின் கை காதுவரை வருகிறது. ஆனால் என் வண்டியில் மட்டும் ஏற மாட்டார். வீட்டில் நான் யாரையாவது கோபித்து இழுத்துப் பிடிக்கப் போனால், "இழுக்காதம்மா, ஸ்பீடு கூடிரும்" என்கிறாள் மகள்.

அந்த முன்கண்ணாடிக் கணக்கு மட்டும் முடியவில்லை. உடைந்தபோது அது எங்கள் வண்டி இல்லை, அதனால் பழுதுச் செலவில் எழுத முடியாதாம். நாங்கள் வாங்கியது வேறு வண்டிகள், அதனால் கொள்முதல் செலவிலும் எழுத முடியாதாம். என் சம்பளத்தில் பிடிக்கவும் சார் விடவில்லை. கோப்பு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. கம்பெனிக்காரர் பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்து, என்னைத்தான் நலம் விசாரிக்கிறார். அவருக்கு இன்னும் வர வேண்டியது இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.