முன்னால் கிளம்பிய பெட்டி

“விசாவே வேண்டாம்னு நீங்கதானுங்களே மாப்ள சொன்னீங்க?” என்று பிரபாகர் போனில் கத்தினார்.

“விசா வேண்டாம் மாமா. ஆனா ஆன்லைன்ல வருகை அட்டை போடணும். இங்க வந்து இறங்க மூணு நாள் இருக்கறப்பத்தான் போட விடுவாங்க. பாஸ்போர்ட் நம்பரைச் சொல்லுங்க, நானே போட்டுடறேன்” என்றான் மலேசியாவில் பினாங்கிலிருந்து மருமகன் கார்த்தி.

அன்று சாயங்காலம் சேலத்தில் பஸ் ஏறி, மறுநாள் காலையில் சென்னையில் விமானம் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே அவருடைய முதல் பேத்திக்குப் பேர் வைக்கிறார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான பிரபாகர் தன் ஊர் வாழவந்தியில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். போகாவிட்டால் மானம் போய்விடும்.

ஆனால் பாஸ்போர்ட் வீட்டில் இல்லை.

கிளம்பும் நாள் சரியில்லையென்று அவர் மனைவி கௌரி, புதன்கிழமை நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் பக்கத்து வீட்டுக் கண்ணாயியிடம் கொடுத்து வைத்திருந்தாள். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்படிப் போன பெட்டி மறுபடி வீட்டுப் படி ஏறக்கூடாது.

“ஜெராக்ஸாவது இருக்குதா?”

“அதும் பெட்டிக்குள்ளதானுங்க. பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன்.”

பிரபாகர் தலையில் அடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார். பூட்டு தொங்கியது. கண்ணாயி செம்மநத்தத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

“பூட்டை உடைச்சர்றேன்.”

“நல்ல காரியத்துக்குப் போறப்ப பூட்டை உடைப்பாங்களா? பின்னால ஜன்னல் தொறந்துதான் இருக்குதுங்க” என்றாள் கூடவே ஓடிவந்த கௌரி.

தொரட்டியை ஜன்னல் வழியே விட்டுத் துழாவினார். இருட்டில் ஏதோ கனமாக மாட்டியது. எட்டி ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணாயி விற்க வைத்திருந்த மிளகு மூட்டை கிழிந்து வீடெங்கும் கொட்டியது. கிளம்பிய தூசியில் பிரபாகர் தும்மினார்.

“ஐயோ, கெளம்பறப்பத் தும்மிட்டீங்களே! உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிங்க.”

“பிளைட்டு போயிருமடி!”

“தண்ணி குடிச்சாத்தானுங்க போவோம்.”

குடித்தார். மறுபடி தும்மினார். மறுபடி குடிக்க வைத்தாள்.

ஒருவழியாகக் கௌரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சாவி வாங்கச் செம்மநத்தத்துக்குப் பைக்கைக் கிளப்பினார். குறுகலான ரோட்டில் பஸ் எதிரே வர, ஒதுங்கப் போய் வண்டியோடு சேற்றில் சரிந்தார்கள். அந்த நேரம் பார்த்து மருமகன் கூப்பிட்டான். “மாமா, நம்பர் எடுத்துட்டீங்களா?”

“எடுக்கத்தான் போய்ட்டிருக்கறேன்!” பிரபாகருக்கு அழுகையே வந்துவிட்டது.

செம்மநத்தத்தில் கண்ணாயி நிதானமாக அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஊட்டுச் சாவியக் குடுங்க! மொதல்ல சாவியக் குடுங்க!”

“எதுக்குங்க ரைட்டரே? இதென்ன கோலம்?”

“பெட்டிய எடுக்கோணும்! பாஸ்போர்ட்டு அதுலதான் இருக்குது!”

“சாங்கியம்னு நொம்பப் பத்திரமாக் குடுத்தமுங்க அக்கா” என்றாள் கௌரி, சேலைச் சேற்றைப் பிழிந்தபடி.

கண்ணாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆளில்லாத ஊட்டுல உங்க பெட்டிய உட்டுட்டு வருவனா கண்ணு? நேத்து நீங்க கோயிலுக்குப் போயிருந்தப்பவே, நெலவு மேல வெச்சிருந்த சாவிய எடுத்துத் தொறந்து, உங்க ஊட்டுக் கட்டிலுக்கடியில தள்ளி வெச்சுட்டுத்தான் பஸ் ஏறுனேன்.”