ஞானதாஸ் லைட் அடிப்பதை நிறுத்தினார்

ஷேர் ஆட்டோவின் லைட் சுவிட்சை நோக்கிப் போன ஞானதாஸின் கையில், பின்சீட்டிலிருந்த மனைவி ஜெயம்மாள் குடைக் காம்பால் ஒரு தட்டு தட்டினாள்.

"இப்பத்தான கோயில்லேர்ந்து வரோம்? பாஸ்டர் இன்னா சொன்னாரு?"

"தப்பு பண்றவனுக்குத் தொண போறவனும் தப்பு பண்றவன்தான்னாரு."

"அப்ப கைய எடு."

மானாம்பதிக்கு முன்னால் உள்ள வளைவில், வேகமாகப் போகும் வண்டிகளைப் படம்பிடிக்க உயரமான கம்பத்தில் கேமராப் பெட்டி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து, எதிரே வரும் வண்டிகளுக்கெல்லாம் ஞானதாஸ் மூன்று தரம் லைட் அடித்து எச்சரித்து வந்தார். யார் பெற்ற பிள்ளையோ, அபராதம் கட்டி அழ வேண்டாமே என்ற இரக்கம். ஸ்டாண்டில் மற்ற ஆட்டோக்காரர்களையும் அப்படியே பழக்கியிருந்தார். லைட்டைக் கண்ட வண்டிகள் மாப்பிள்ளை ஊர்வலம் போல வளைவைக் கடக்கும்.

இப்போது யோசித்தால் பகீரென்றது. தறிகெட்டு ஓட்டுகிறவனையெல்லாம் தப்பவிட்டதே தான்தானோ? மறுநாளே ஸ்டாண்டில் கண்டிப்பாகச் சொன்னார்.

"இனிமே யாரும் லைட் அடிக்கக் கூடாது. மாட்றவன் மாட்டட்டும். அப்பதான் ரோடு உருப்படும்."

அன்று மதியமே டிப்பர் லாரி ஒன்று பறந்த காற்றில், வளைவில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் சின்னபொண்ணின் குடை வயலில் போய் விழுந்தது. ஞானதாஸ்தான் சேற்றில் இறங்கி எடுத்துக் கொடுத்தார்.

"இன்னாண்ணா இது, எல்லாரும் இப்படிப் பேயாட்டம் போறானுங்க?"

"ரெண்டு நாள் பொறுத்துக்க தங்கச்சி. கேமரா புடிச்சிக்கினு கீது. வூட்டுக்கு நோட்டீஸ் போனா புத்தி வரும்."

அவர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். வாயில் வைக்கோலோடு ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. சின்னபொண்ணு ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பெருநகர் ஊருக்குப் போகும் சவாரி ஒன்று கூப்பிட்டது.

நான்கு நாளாகியும் யாருக்கும் புத்தி வரவில்லை. ஐந்தாம் நாள் ஞானதாஸ் ஓரமாக நின்று, மெதுவாகப் போகும்படி கையசைத்தார். ஏறத்தான் நிற்கிறார் என்று டவுன் பஸ் சடாரென்று நின்றது. பின்னால் வந்த கத்திரிக்காய் வண்டி பிரேக் போட, காயெல்லாம் சாலையில் உருண்டது.

"ஏறலன்னா இன்னாத்துக்குய்யா கைய காட்ற?" என்று கண்டக்டர் கத்தினார்.

கத்திரிக்காயைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், கையைவிட எழுத்து மேல் என்று முடிவு செய்தார். ஒரு பலகையில் சிவப்புப் பெயின்ட்டால் பெரிதாக எழுதி வளைவில் நட்டார்: 'கேமரா உள்ளது. மேலே பார்க்கவும்.'

மறுநாள் காலை பைக்கில் வந்த செந்தமிழன் என்ற பையன் மேலே பார்த்தான். பார்த்துக்கொண்டே வெள்ளரிக் கூடையில் ஏறினான். கூடைக்குப் பக்கத்தில் சின்னபொண்ணின் கால் இருந்தது.

"மேல பாருன்னு நீதானய்யா எழுதி வெச்ச!" என்று, ஓடிவந்த ஞானதாஸிடம் அவன் அழாத குறையாகச் சொன்னான். இருவருமாக அவளைத் தூக்கி ஆட்டோவில் கிடத்தினார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் முழங்கால்வரை மாவுக்கட்டோடு படுத்திருந்தாள் சின்னபொண்ணு. இரண்டு மாதத்துக்குக் கால் ஊன்றக் கூடாதாம். கொண்டுவந்த ரொட்டியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, ஞானதாஸ் கண்ணை மூடி நெடுநேரம் ஜெபம் செய்தார். கண்ணைத் திறந்தபோது அது நனைந்திருந்தது.

"மன்னிச்சிக்க தங்கச்சி. கேமரா கீதேன்னு நம்பித்தான அங்க கடை போட்ட? அது இருந்தும் உனுக்கு இப்படி ஆயிப்போச்சே."

"எந்தக் கேமராண்ணா? அத போன மழைக்கே கயட்டிக்கினு போய்ட்டாங்க, அந்தப் பொட்டில மைனாதான் குடித்தனம் பண்ணிக்கினு கீதுன்னு இந்த ரோட்ல எல்லாருக்கும் தெரியும். நீங்க லைட் அடிச்சாத்தான் போலீசு நிக்குதுன்னு பயந்து மெதுவா போவானுங்க, அந்த லைட்ட நம்பித்தாண்ணா நான் அங்க கடையே போட்டேன்."