நான்கு மணிக்கே வெளியாகிவிட்ட புத்தகம்

ஆமியை, அதாவது இராணுவத்தை, விட்டு நாம் வந்துவிடலாம். ஆமி நம்மை விட்டுப் போக நாளாகும். முடி வளர்ந்துவிடும், சப்பாத்துக் காய்ப்பு ஆறிவிடும்; ஆனால் மணிக்கூட்டைப் பார்க்கிற அந்தப் பார்வை மட்டும் உடம்பிலேயே தங்கிவிடும். என் முதல் சிறுகதைத் தொகுதியின் வெளியீட்டு விழாவை நாசமாக்கியது அந்தப் பார்வைதான். (நான் இல்லை என்று சொல்லத்தான் ஆசை.)

ஹேவாஹெட்டயில் எங்கள் குடும்பத்திலேயே உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அப்படிப்பட்டவன் அரசாங்கச் சம்பளத்தை விட்டுவிட்டு, "இனிமே கதை எழுதப் போறேன்" என்று வந்து நின்றால் அப்பாவுக்கு எப்படி இருக்கும்? ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா பாரு தம்பி. கண்டியில என்னமோ விழா வைக்கிறியாமே, வந்து பாக்குறேன். நாலு பேரு ஒன்னைய எழுத்தாளன்னு மதிச்சா எழுது. இல்லாட்டி திங்கக்கெழம தெல்தெனியாவுக்குப் போயிரு. மாமா ஹாட்வெயார் கடையில ஆணி நிறுக்க ஆளு இல்லையாம்."

எனவே எனக்கு அது விழா இல்லை, அணிவகுப்பு. ஆட்கள் உட்காரும் கதிரைகளை நூல் பிடித்து நேராக்கினேன். அழைப்பிதழில் 'மாலை நான்கு மணி' என்று போட்டிருந்தேன். நம் ஊர் அழைப்பிதழில் நான்கு என்றால் ஐந்தரை. ஆமியில் நான்கு என்றால் நான்குக்கு ஐந்து நிமிடம் முன்னால். இத்தனை வருடம் முகாமில் கிடந்தவனுக்கு இரண்டாவது கணக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

நான்கு மணிக்கு மண்டபத்தில் அப்பா, அம்மா, காவல்காரர் பண்டா. அவ்வளவுதான்.

"ஆளுங்க வரட்டுமே தம்பி" என்றார் அம்மா.

"நேரம்னா நேரந்தாம்மா" என்றேன், ஏதோ எல்லையைக் காக்கிறவன் மாதிரி.

நானே விளக்கேற்றினேன். 'திரளாக வந்திருக்கும் பெரியோர்களே' என்று எழுதி வைத்திருந்த வரவேற்புரையை அப்படியே வாசித்தேன். பண்டாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவர் ஒருவர்தான் ரசித்துக் கேட்டார். ஆய்வுரை ஆற்ற வேண்டிய பள்ளிக்கூட ஆசிரியரைக் காணோம். என் நூலை நானே ஆய்வு செய்தேன். (ஒன்றிரண்டு குறைகளும் சொன்னேன். நடுநிலைமை வேண்டாமா?) அடுத்து ஏற்புரையில், நல்ல ஆய்வுரை வழங்கியவருக்கு நன்றி தெரிவித்தேன்.

முதற் பிரதி வாங்க வேண்டியவர் கண்டியில் புடவைக்கடை வைத்திருக்கும் முதலாளி. அவரும் வரவில்லை. அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் புரட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு ஆணிப் பெட்டி தெரிந்தது.

நன்றியுரை சொல்லி, கதிரைகளை அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் படியிறங்கும்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பட்டு வேட்டியில் முதலாளி, பொன்னாடையோடு ஆசிரியர், பின்னால் சொந்தக்காரர்கள், வத்தேகம சிநேகிதர்கள் என்று ஒரு கூட்டமே இறங்கியது.

"என்னாப்பா, வரவேற்க வாசலுக்கே வந்துட்டீங்களா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க மொதலாளி... விழா முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சா! யாருக்கு?"

ஆசிரியர் பதறினார். "அப்ப என்னோட ஆய்வுரை?"

"அதையும் நானே பேசிட்டேன் சேர்."

"எப்பிடி இருந்திச்சு?"

"கொஞ்சம் நீளம் சேர்."

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. பண்டா முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தார். எல்லாரும் சேர்ந்து கதிரைகளை மறுபடி இறக்கினார்கள். முதலாளிகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டைத் தூக்கினார். ஒரே நூல் ஒரே மாலையில் இரண்டாம் முறை வெளியாகத் தொடங்கியது. "முதற் பிரதியைப் பெற்றுக்கொள்ள..." என்று முதலாளியின் பெயரை அறிவித்ததும், முன்வரிசையிலிருந்து அப்பா எழுந்தார்.

"மொதலாளி கோவிச்சுக்காதீங்க. மொதப் பொஸ்தகம் ஏங்கிட்ட இருக்கு. மகன் கையால குடுத்தது, திருப்பித் தரமாட்டேன். நீங்க ரெண்டாவத வாங்கிக்கங்க."

முதலாளி அப்பாவைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். பிறகு கும்பிட்டார். "பெத்தவரு இருக்கயில என்னையக் கூப்பிட்டதே பெசகு. குடுங்க, ரெண்டாவத." கைதட்டலில் என் காது அடைத்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அப்பா மாமாவுக்குப் போன் எடுத்தார். "மச்சான், ஆணி நிறுக்க வேற ஆளப் பாத்துக்க. இவன் வரமாட்டான். ஏனா? ஆளே இல்லாத மண்டபத்துலயே அம்புட்டு நேரம் பேசுறவன், ஒங்கடையில வாயப் பொத்திக்கிட்டு இருப்பானா?"

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைப்புச் சொல்லும்போது அம்மா ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்லுவார்: "நேரத்தோட வந்துருங்க. பிந்துனா, ஒங்க சாப்பாட்டையும் தம்பியே சாப்பிட்டு, ஒங்க சார்பா நன்றியும் சொல்லிருவான்!"