வெடிப்புக்கு மேல் ஒட்டிய பிள்ளையார்

என் மனைவிக்குக் கண்புரை முற்றியிருந்த காலத்தில் நான் மிகவும் நிம்மதியாக இருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

புஷ்பம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எந்தக் குழந்தை மண் தின்கிறது, எது பக்கத்துக் குழந்தையின் ரொட்டியைப் பிடுங்குகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள். அவள் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காம்பராவில் மிஞ்சிய ஒரே குழந்தை நான்.

அவள் பார்வை மங்க மங்க என் சுதந்திரம் வளர்ந்தது. தேத்தண்ணியில் சீனி போட்டுக்கொண்டேன் (எனக்குச் சீனி வியாதி; போடவே கூடாது). தாடையில் பாதி மழித்து மீதியை விட்டாலும் கேள்வி இல்லை. அலுமாரியின் மேல் ஒட்டடை தொங்கினாலும் கேள்வி இல்லை. அந்த வரிசையில்தான் எங்கள் காரின் முன் கண்ணாடியில் விழுந்த வெடிப்பும் கேள்வி கேட்பாரின்றி வளர்ந்தது.

அந்தக் காரை நான் வாங்கியதே அவள் பேச்சை மீறித்தான்.

"இந்த வயசுல ஒங்களுக்குக் காரு என்னாத்துக்குங்க? பஸ்ஸு வாசல்லயே நிக்குது."

"ஒன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான்" என்றேன். அப்போது அவளுக்கு ஒரு நோயும் இல்லை. சொல்வதற்கு வேறு காரணம் கிடைக்காததால் சொன்னேன்.

பொல்பிட்டியவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில், முன்னால் போன மணல் லொறியிலிருந்து ஒரு கல் தெறித்து இடது ஓரத்தில் அடித்தது. புஷ்பம் உட்காரும் பக்கம்.

"என்னாங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. வண்டு."

"வண்டுன்னா இம்புட்டுச் சத்தமா?"

"பெரிய வண்டு."

அன்று அது பூசணி விதை அளவுதான் இருந்தது. அப்படியே கராஜுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது. ஆனால் அந்தப் பழைய காருக்குக் கண்ணாடி கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். வந்தால் புஷ்பத்திடம் சொல்ல வேண்டும். சொன்னால், "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வாக்கியத்தை நான் கேட்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து எத்தனை ஆண்கள் எத்தனை வெடிப்புகளோடு ஓடிக்கொண்டிருக்கிறார்களோ!

பிறகு தை மாதப் பனி வந்தது. எங்கள் ஊர் லிந்துலையில் அந்த மாதத்து விடியற்காலையை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். காரின் மேல் வெள்ளைக் கம்பளி போர்த்தியது போல இருக்கும். அவசரமாக ஒரு மரண வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால், அடுப்பிலிருந்த கேத்திலைத் தூக்கிவந்து சுடுதண்ணியைக் கண்ணாடியில் ஊற்றினேன்.

வாசகர்கள் ஒன்றை அறிய வேண்டும். நான் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியன். 'பாறை வெப்பத்தால் விரியும், குளிரால் சுருங்கும், ஆகவே வெடிக்கும்' என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை எழுத வைத்தவன். எழுதாதவர்களைப் பெஞ்சில் ஏற்றியவன்.

'டிக்' என்று மெல்லிய சத்தம். பூசணி விதையிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, நிதானமாக, என் கண்ணெதிரே, கண்ணாடியின் குறுக்கே என் பக்கம் வரை நடந்து வந்தது. வரைபடத்தில் பார்க்கும் மகாவலி ஆறேதான். கொத்மலை ஓயா எங்கே வந்து சேர வேண்டுமோ அங்கே ஒரு கிளை கூட இருந்தது.

சில நாளில் தலவாக்கலையில் ஒரு பொலிஸ் சார்ஜன் காரை நிறுத்தினார். சிங்களவர், நல்ல மனிதர், தமிழிலேயே பேசினார்.

"சேர், இந்தக் கண்ணாடி சரி இல்ல தானே. எதிர் வெளிச்சம் வந்தா ரோட்டு தெரியாது. ஒரு குழியில விழுந்தா முழுசா உள்ளுக்கு வரும். எக்சிடன்ட் ஒண்ணு ஆனா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். இது சட்டத்துக்கும் குத்தம். இன்னைக்கு விடுறன், மாத்திருங்க."

"கட்டாயம்" என்றேன். மனமாரச் சொன்னேன். அந்த மனம் கடைவீதி வரை தாங்கியது. அங்கே சாமிப் படக் கடையில் ஒட்டும் படங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் மலையில் சாமி படம் இல்லாத வாகனம் இல்லை. சாமியை உரித்துப் பார்க்கும் பொலிஸ்காரரும் இல்லை. இருப்பதில் பெரிய பிள்ளையாராக வாங்கி, நதிமூலத்தின் மேல் ஒட்டினேன். கிளையாறுகள் மீது வெற்றிவேல் ஒன்றும், 'நலமுடன் சென்று வருக' என்ற வாசகமும்.

புஷ்பம் வெள்ளிக்கிழமைதோறும் காரைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பாள். அந்த வெள்ளி துடைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"பிள்ளையார நடுவுல வைக்காம ஏங்க ஓரமா ஒட்டியிருக்கீங்க?"

"நடுவுல இருந்தா வழிய மறைக்குமில்ல."

"அதுவும் சரிதான்" என்று துணியை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் சூரியனுக்குப் பிள்ளையார் மேல் பயமில்லை. மாலையில் எதிர் வெயில் பட்டால், மறைக்காமல் விட்ட கீறல்களெல்லாம் தீப்பற்றியது போல எரியும். ஒருநாள் அந்த வெளிச்சத்தில் பஸ் வருகிறதென்று பயந்து காரை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கினேன். வந்தது மாடு. அது என்னைப் பார்த்துவிட்டு, பரிதாபப்பட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டு போனது. வீட்டில் அதைக் கதையாகச் சொல்லிச் சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை. மாட்டை பஸ்ஸாகப் பார்த்தவன், பாடசாலை விட்டு வரும் பிள்ளையை எதுவாகப் பார்த்திருப்பான்? பார்த்திருப்பானா?

இதற்கிடையில் நுவரெலியாவில் புஷ்பத்துக்குச் சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்தது. முன்பொரு நாள் வாய்க்கு வந்ததைச் சொன்னேனே, அது பலித்துவிட்டது. காரில்தான் கூட்டிப் போனேன். மறுநாள் காலை கட்டை அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: கசக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, புகை கூடாது, ஒரு தூசி கூட விழக் கூடாது. "பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க ஐயா."

வாசலில் காரின் முன்னே வந்ததும் புஷ்பம் நின்றுவிட்டாள். கறுப்புக் கண்ணாடியை லேசாக உயர்த்தி, வெகுநேரம் பார்த்தாள்.

"என்னா பாக்குற?"

"காரு இன்னும் வெள்ளையாவா இருக்கு? மஞ்சளாப் போயிருச்சுன்னுல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அப்பாடா என்றிருந்தது.

"நான் பின்னால உக்காந்துக்கிறேங்க" என்றாள். "முன்னால வெளிச்சம் கண்ணக் குத்துது."

ஒருநாளும் பின்சீட்டில் உட்காராதவள். நான் பேருவகையோடு பின்கதவைத் திறந்துவிட்டேன். அவள் பிள்ளையாருக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறாளோ, அவ்வளவுக்கு எனக்கு நல்லது.

நானுஓயாவைத் தாண்டி வளைவில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. அந்தப் பாதையில் ஓடும் சாரதிகள் அங்கே நிறுத்தாமல் போவதில்லை. அவள் கண் நல்லபடியாகத் தெரிந்தால் சிதறுதேங்காய் போடுவதாக நான் வேண்டியிருந்தேன். கற்பூரப் புகை ஆகாது. அவள் இறங்காமலே சாமி பார்க்கட்டும் என்று, தேங்காய் உடைக்கும் கல்லுக்கு மிக நெருக்கமாகக் காரை நிறுத்தினேன். தேங்காயைக் காருக்குச் சுற்றினேன். அந்தத் தேங்காயில் இரண்டு பாரம் இருந்தது: அவள் கண்ணுக்கான நன்றி ஒன்று, என் பொய்க்கான மன்னிப்பு மற்றது. ஆகவே தோளுக்கு மேல் தூக்கி, என் வயதை மறந்து, ஓங்கி அடித்தேன்.

தேங்காய் பிரமாதமாகச் சிதறியது. சிரட்டைத் துண்டொன்று கல்லில் எகிறி, நேராகப் பறந்து, காரில் ஒட்டியிருந்த பிள்ளையாரின் தும்பிக்கையில் பட்டது.

பிறகு கேட்ட சத்தம் தேங்காய்ச் சத்தமல்ல. கண்ணாடி முழுவதும் ஒரே கணத்தில் பொரித்த அப்பளம் போல வெளுத்து, உள்ளே குழிந்தது.

நான் ஓடினேன். பழக்கதோஷம், முன் இடது கதவைத்தான் திறந்தேன். சீட் முழுவதும், தலை சாயும் இடத்திலும், உப்பைக் கொட்டியது போலக் கண்ணாடிச் சில்லுகள். ஒரு கணம் அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கணம் இன்னும் சில இரவுகளில் வந்து என்னை எழுப்புகிறது.

"நான் இங்க இருக்கேங்க" என்றது பின்னாலிருந்து குரல்.

முந்தானையால் முகத்தை மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் பொத்தி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"புஷ்பம், கண்ணு? கண்ணு?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல. மொதல்ல சீட்டுலேருந்து கைய எடுங்க, குத்தும்."

எடுத்தேன். ஏற்கனவே குத்தியிருந்தது. பின்கதவைத் திறந்து மண்ணில் முழங்காலிட்டேன். கல் தெறித்தது, சுடுதண்ணி, சார்ஜன், மாடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் முந்தானையை விலக்கி, பொறுமையாகக் கேட்டாள், மண் தின்ற குழந்தையிடம் விசாரிப்பது போல.

"பெரிய வண்டு" என்றாள் கடைசியில்.

"ஒனக்குத் தெரியுமா?"

"கண்ணு மங்கினா வெரலும் மங்கிருமா? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தொடைக்கிறது யாரு? பிள்ளையாரத் தடவுனா பின்னால ஆறு ஓடுது."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு."

"தெரிஞ்சுக்கிட்டா எம் பக்கத்துல உக்காந்து வந்த?"

"நான் ஏறலன்னா மட்டும் நீங்க ஓட்டாம இருப்பீங்களா? தனியாப் போயிருவீங்க." கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "இன்னைக்குத்தான் பின்னால வந்தேன். இது டாக்டரு குடுத்த கண்ணு. என் கண்ணு மாதிரி இல்ல, பத்திரமா வச்சுக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. அதைக் கெடுக்கவென்றே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதே சார்ஜன். கண்ணாடியைப் பார்த்தார், தேங்காய்ச் சில்லுகளைப் பார்த்தார், முழங்காலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"சேர், மாத்தச் சொன்னன் தானே. என்னா நடந்தது?"

"அது வந்து... மணல் லொறியிலேருந்து..." என்று தொடங்கினேன். (வாழ்க்கை முழுவதும் பொய் சொன்ன வாய்க்கு உடனே நிறுத்தத் தெரியாது.)

"பொல்" என்றாள் புஷ்பம் பின்சீட்டிலிருந்து. சிங்களத்தில் தேங்காய். "பொல் கெடியக், மாத்தயா. இவருதான் ஒடைச்சாரு."

சார்ஜனின் மீசை துடித்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு தண்டத் தாளை எழுதினார். என் லைசனை வாங்கி வைத்துக்கொண்டார். அபராதத்தைத் தபாற்கந்தோரில் கட்டிவிட்டு வந்து எடுக்க வேண்டும். எழுதி முடித்ததும், புஷ்பத்தின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார், "அம்மாவுக்கு இன்னைக்குத்தான் கட்டு அவுத்ததா?" ஆமென்றதும் அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "சேர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் வாங்கிய தண்டனைகளில் அந்த ஒரு சொல்தான் பெரியது.

காரைக் கோயில் ஓரத்தில் விட்டுவிட்டு, சார்ஜன் நிறுத்திக் கொடுத்த கொழுந்து லொறியின் முன்சீட்டில் ஏறினோம். புஷ்பம் ஜன்னலோரம், நான் நடுவில். அவள் அந்த லொறியின் கண்ணாடியை ஓரத்திலிருந்து ஓரம் வரை நோட்டமிட்டுவிட்டுத்தான் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு வெளியே பார்த்தாள்.

"தேயில இவ்வளவு பச்சையாங்க?" என்றாள். சிறிது நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ரொம்பக் கெழவனாப் போயிட்டீங்க" என்றாள் மெதுவாக. "பாக்காம விட்டுட்டேன்." பிறகு, "இந்தப் பக்கம் ஒழுங்காச் சவரம் பண்ணல."

கண்ணாடி கொழும்பிலிருந்து வந்தது. வந்தபின், அதில் எதுவும் ஒட்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பிள்ளையார் இப்போது சாமிப் படங்கள் வைக்கும் தட்டில் நடுநாயகமாக இருக்கிறார். காரில் ஏறுமுன் புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் கண்ணாடியை ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிப் பார்ப்பாள். கண் நன்றாகத் தெரிந்தும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது மூடி மறைத்தால் ஒரே கேள்வி: "என்னா, பிள்ளையார் ஒட்டியாச்சா?" மகள் மருமகனைக் கேட்கிறாள். பேத்தி அபி, கணக்குப் பரீட்சை எப்படி என்று நான் கேட்டால், "தாத்தா, பிள்ளையார் ஒட்டிட்டேன்" என்று தானே சரணடைந்துவிடுகிறாள்.

இப்போது எனக்கும் புரை தொடங்கியிருக்கிறது. வலது கண்ணில் எல்லாம் பனிக்குள் தெரிகிறது. போன வாரம் முன்னறையில் மாட்டியிருக்கும் எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்தபோது, என் தோள்மேல் புதிதாக ஒரு சின்னப் பிள்ளையார் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. கிட்டப் போய் விரலால் தடவினேன். பிள்ளையார்தான். அடியில், கண்ணாடியில், ஒரு மெல்லிய ஆறு ஓடுகிறது. புஷ்பத்தின் ஒட்டடைக் கம்பு பட்டிருக்க வேண்டும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருக்கிறேன். அவள் போட்டுத் தரும் தேத்தண்ணி மட்டும் ஒரு வாரமாகக் கொஞ்சம் இனிப்பாக வருகிறது.